எழுப்பாத அக்கா

அந்த பார்லரின் மாடிப்படி ஏறும்போதே யாரோ ஒருத்தியின் குறட்டை கேட்கும். பெண்கள் குறட்டை விடுவார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே வேறு வழியில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஒரே ஒரு சுழல் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் அதில் ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டு, கத்தரிக்கோலைச் சத்தம் வராமல் திறந்து மூடி வேலை செய்துகொண்டிருப்பாள்.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் கடை போர்டில் இருந்தது அவளுக்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவளின் பெயர். போர்டை மாற்ற அவளுக்குச் சோம்பல். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுவாள். நாங்கள் பார்லர் அக்கா என்றோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முகத்தை அழகாக்குவதில் அவள் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். புருவம் சுமாராக எடுப்பாள். தலைமுடி வெட்டுவாள், கழுவுவாள், டை அடிப்பாள். கல்யாணத்துக்கு ஜடை அலங்காரம் செய்வாள். அவளுடைய சொந்தத் தலையைப் பார்த்தால் யாரும் தலை கொடுக்க யோசிப்பார்கள், அப்படி ஒரு கொண்டை, அதில் ஒரு உடைந்த கிளிப். ஆனாலும் எங்கள் கம்பெனிப் பெண்கள் அவளிடம்தான் போனார்கள். காரணம் ஒன்றுதான். தூங்குகிறவளை அவள் எழுப்ப மாட்டாள்.

இது ஒரு காரணமா என்று கேட்பவர்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். வாரம் ஆறு நாளும் யாராவது எங்களை எழுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன். பஸ்ஸில் கண்ணசந்தால் பக்கத்து சீட்டுக்காரியின் முழங்கை. லைனில் கண் சொருகினால் சூப்பர்வைசர் மேஜையைத் தட்டுவார். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள், புருஷன், தண்ணி லாரி. ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்குப் பின்னால் ஒரு கை பட்டதும் எங்களுக்கெல்லாம் தூக்கம் வந்துவிடும். அடக்க முடியாது. அடக்கவும் அவள் சொல்ல மாட்டாள்.

தூங்குகிறவளின் தலை சாய்ந்த பக்கம் அக்காவும் சாய்வாள். நிமிர்த்தினால் விழித்துக்கொள்வாள் என்று, சாய்ந்த தலையைச் சாய்ந்தபடியே விட்டு வெட்டுவாள். அதனால் முடியின் நுனி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். திங்கட்கிழமை லைனில் பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். "யாருடி அது, நேத்து நல்லா தூங்கினவ?" என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். கோணல் நுனியை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

காத்திருக்கிறவர்களுக்குத்தான் பேஜார். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியில் இருப்பவளுக்கு வேலை முடிந்து அரை மணி ஆகியிருக்கும். அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். அதையும் நசுக்கித்தான் உரிப்பாள், சத்தம் வரக்கூடாது. "எவ்ளோ நேரம்க்கா?" என்று யாராவது கேட்டால், உதட்டில் விரலை வைத்து, "உன்னயும் அப்டிதான் வுடுவேன், குந்து" என்பாள். சிலர் கோபித்துக்கொண்டு எதிர்த்தெரு பார்லருக்குப் போவார்கள். அங்கே ஏசி உண்டு, டிவி உண்டு. இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஒரு ஸ்கூல் டீச்சர் மாதாமாதம் டை அடிக்க வருவார். ஒரு தடவை விடைத்தாள் திருத்திவிட்டு வந்திருந்தார். டையைத் தலையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காய்ந்ததும் கழுவ வேண்டும், கழுவ வேண்டுமென்றால் எழுப்ப வேண்டும். அக்கா எழுப்பவில்லை. டீச்சர் தானாகக் கண் விழித்தபோது முடி கறுத்ததோடு நெற்றியில் பாதியும் காதும் கறுத்திருந்தன. எத்தனை தேய்த்தும் போகவில்லை. டீச்சர் நல்ல தமிழில் திட்டினார். அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள், காசு வாங்கவில்லை. மறுநாள் டீச்சர் நெற்றி நிறையப் பவுடர் பூசிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த மாதம் அதே டீச்சர் எதுவும் நடக்காதது மாதிரி மாடிப்படி ஏறி வந்தார்.

கல்யாணப் பெண் விஷயம் அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. எங்கள் லைன் பெண்தான் அவள். எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரத்தில் முந்தின நாள் வரை ஓவர்டைம் பார்த்துவிட்டு மணவறைக்குப் போக வேண்டியவள். விடியற்காலையில் ஜடை தைக்கக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பூ வைக்கும்போதே தூங்கிவிட்டாள். அக்கா தூங்கும் தலையிலேயே ஜடையைத் தைத்து முடித்தாள், பொட்டும் வைத்தாள். பிறகு கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். "பத்து நிமிஷம்" என்கிறாள். மறுபடி தட்டுகிறார்கள், மறுபடி பத்து நிமிஷம். முகூர்த்தம் தப்பவில்லை, தப்பியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் தெருவிலிருந்து ஒரு கல்யாணமும் அவளிடம் வரவில்லை. கல்யாண வேலையில்தான் பார்லர்காரர்களுக்கு நாலு காசு. "ஏன்க்கா இப்டி?" என்று கேட்டேன். "அன்னிக்கு வுட்டா அந்தப் பொண்ணு இனிமே எப்ப தூங்கும், சொல்லு" என்றாள்.

அவள் ஏன் இப்படி என்று எங்களுக்குள் பல கதைகள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயம்மாவாக இருந்தாள், நோயாளிகளை எழுப்பி எழுப்பி வெறுத்துப்போனாள் என்று ஒருத்தி சொன்னாள். புருஷன் தூக்கத்திலேயே போய்விட்டான், இவள் எழுப்பப் போய்த்தான் தெரிந்தது என்று இன்னொருத்தி. நான் நேராகவே கேட்டேன். "கை வரலடி. அவ்ளோதான்" என்றாள். அதற்கு மேல் கேட்டால் தலையை இழுத்துப் பிடித்துச் சிக்கு எடுப்பாள். கேள்வி நின்றுவிடும்.

என் கதையையும் சொன்னால்தான் அவள் கதை முழுசாகும்.

எனக்கு அப்போது ஆறு வயதில் ஒரு மகள். பேரணாம்பட்டில் என் மாமியாரிடம் இருந்தாள். புருஷன் பெங்களூருக்குப் போய் வேறு குடித்தனம் வைத்துவிட்டான். நான் மாதனூரில் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசியபோது, "காலையில பஸ் ஏறுனா ராத்திரி வர்ற, புள்ளய யாரு பாப்பா?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்து பார்த்துவிட்டு ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவானது. ஒழுங்காக வராவிட்டால் அதுவும் கிடையாது.

கம்பெனியில் எனக்கு சொல்யூஷன் தடவும் வேலை. ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசை அது. துணியில் ஏறினால் துவைத்தால் போகும். தலைமுடியில் ஏறினால் போகவே போகாது. எனக்கு மூக்கு பழகிவிட்டது, தெரியவில்லை. ஒரு ஞாயிறு மகளைக் கட்டிக்கொண்டபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, உன் மேல கப்பு அடிக்குது" என்று நழுவிப் போனாள். வாரம் முழுக்க அந்த ஒரு கட்டிக்கொள்ளலுக்காகத்தான் நான் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் தலையை மோந்து பார்த்தாள். "இருக்குது. ஜாஸ்தியாதான் இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அது அவளுடைய பிரச்சினையாகிவிட்டது. ஒரு வாரம் எலுமிச்சம்பழம், ஒரு வாரம் தயிர், ஒரு வாரம் சீயக்காயில் எதையோ கலந்து தேய்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டியில் வைத்து மூன்று தண்ணீர் விட்டு அலசுவாள். கழுவி முடித்து மோந்து பார்ப்பாள். அங்கிருந்து நான் நேராக மூணு மணி பஸ் ஏறுவேன். மறு வாரம் உள்ளே நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா சொன்னா?"

"மூக்க பொத்தல. ஆனா மடியில குந்தல."

"அப்ப கம்மியாயிருக்குது. இன்னும் பாப்போம்" என்பாள்.

என் மகளை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் என் மகள் என்ன செய்தாள் என்று கேட்க ஆம்பூர்ப் பக்கம் எனக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். அறையில் இருந்த பெண்களுக்கு அவரவர் பாடு. அக்கா கேட்பாள், நான் சொல்வேன், சொல்லும்போதே தூங்கிவிடுவேன். கிளம்பும் நேரத்துக்குள் எப்படியோ எனக்கே விழிப்பு வந்துவிடும். அதனால் எழுப்புகிற கேள்வியே எங்களுக்குள் வந்ததில்லை.

ஒரு வாரம் தினமும் ஓவர்டைம். அந்த ஞாயிறு நாற்காலியில் உட்காரும்போதே சொன்னேன். "அக்கா, இன்னிக்கு என்னால முடியல. தூங்கிட்டா ரெண்டரைக்கு எழுப்பிடு. மறந்துடாத."

"ம்" என்றாள்.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலை எப்போதோ காய்ந்திருந்தது. மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். பெஞ்சில் யாரும் இல்லை, எல்லோரையும் அனுப்பிவிட்டிருந்தாள். ஃபேனை மெதுவாக வைத்துவிட்டு ஸ்டூலில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். துண்டை உதறிவிட்டு எழுந்தேன்.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்க?"

"எழுப்ப வந்தேன்டி. ரெண்டு வாட்டி வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். கை வரல." துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "அடுத்த பஸ்ல போயிக்கலாம்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம அடுத்த பஸ்ஸு லேட்டுன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"உனக்கு கை வரலன்னா எனக்கு புள்ள இல்லாம போயிடும்க்கா" என்றேன். கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை. நல்ல தூக்கம் தூங்கிய உடம்பு லேசாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. காசை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

போன் செய்தபோது மாமியார் எடுத்தாள். "இருட்டுற வரைக்கும் வாசல்ல குந்திகினு இருந்துச்சு. வர்றேன் வர்றேன்னு சொல்லி புள்ளய ஏமாத்தாத. இனிமே நீ வராமலே இருந்துடு." வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க என் போனை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பார்லருக்குப் போகவில்லை. தலையும் கழுவவில்லை. சனிக்கிழமை சொல்யூஷன் அப்படியே தலையில் இருக்க, மத்தியானமே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், கையில் ஒரு பை. ஞாயிற்றுக்கிழமை அவள் கடையைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு வர்ற?"

"தப்பு பண்ணவ நான்தான. நானே வந்து சொல்றேன்."

எனக்கு அவளோடு பேச மனமில்லை. பஸ்ஸில் முன்னால் ஒரு சீட்டில் நான், பின்னால் எங்கேயோ அவள். ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் ஷெட்டுகளின் பச்சைத்தோல் நாற்றம் வந்து போய்க்கொண்டிருந்தது. என் தலைக்கு அது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. இவள் வந்து பேசி, உள்ளதும் கெட்டுப்போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அத்தை, அதுதான் என் மாமியார், வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், கையில் இலை வெட்டுகிற கத்தரி. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. படுத்துகினு இருக்குது" என்றாள்.

அக்கா முன்னால் போய் நின்றாள். "அம்மா, இவ போன வாரம் வேணும்னு வராம இல்ல. என்னாண்ட எழுப்ப சொல்லிட்டுதான் தூங்குனா. நான்தான் எழுப்பல."

"நீ யாரு?"

"தல கழுவி வுடுறவ."

அத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "தூங்குறவள எழுப்பாம வுடுறதுக்கு ஒரு ஆளா. நல்லா இருக்குது. கோழி கூவ எந்திரிக்கிறேன். ராவு வரைக்கும் இந்த மொறம். புள்ளய வேற பாக்கணும். என்னய எவளாவது தூங்குன்னு வுட்டிருக்காளா?"

அக்கா எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அன்றைக்கு, "இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு மகள் கதவோரம் வந்து நின்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் வரவில்லை. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது, விரல் நுழையாது. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள். "இன்னாடி இது தல?"

"எனக்கு ஏது நேரம்?" என்றாள் அத்தை. "ராவுல கண்ணு தெரியல, பேன் பாக்க முடியல." கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடியும்போது குரல் இறங்கிவிட்டது.

அக்கா பையிலிருந்து சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "பாப்பா, உங்கம்மா மடியில தலய வெய்யி. அப்பதான் எனக்கு எட்டும்" என்றாள். மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் வந்து படுத்தாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள். என் தலை நாற்றம் அவளுக்குப் போகக்கூடாதே என்று நான் கழுத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

அக்கா அவசரப்படவில்லை. நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக, வேரை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வலிக்காமல் எடுத்தாள். பாதித் தலை முடிவதற்குள் மகள் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் புரண்டு என் வயிற்றுப் பக்கம் திரும்பி, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் வயிறு குலுங்கும்.

வெயில் இறங்கியது. அத்தை தெருவைப் பார்த்துவிட்டு, "ஆறாவப் போவுது. எழுப்பு, நேரத்தோட சோறு குடுக்கணும்" என்றாள்.

"நீங்க எழுப்புங்கம்மா. எனக்குக் கை வராது" என்றாள் அக்கா.

அத்தை முறத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். குனிந்து கையை நீட்டினாள். மகளின் முகத்தை, பிறகு என் முகத்தை, மறுபடி மகளின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இலை வெட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அது நின்றது. பார்த்தால், கதவில் சாய்ந்தபடி, விரலில் கத்தரி மாட்டியது மாட்டியபடியே அவளும் தூங்கிவிட்டிருந்தாள்.

அக்கா சீப்பை வைத்துவிட்டு மெதுவாக எழுந்து போனாள். அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தரியை உருவி முறத்தில் வைத்தாள். அத்தை விழிக்கவில்லை. திரும்பி வந்து மீதிச் சிக்கை எடுக்க ஆரம்பித்தாள். தெருமுனையில் நான் வழக்கமாக ஏறும் ஆம்பூர் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. பஸ் நின்று, கிளம்பி, சத்தம் தேய்ந்து போனது.

கண்ணைத் திறக்காமலேயே அத்தை கேட்டாள். "பஸ்ஸு போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தை."

"அப்ப அரிசி ஜாஸ்தி போடணும்" என்றாள். சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. நாங்களும் அவளை எழுப்பவில்லை.